வால் இருக்க வேண்டிய இடத்தில் கால்

தலைப்பிரட்டையின் வாலை வெட்டினால் வால் மறுபடி வளரும். இது பழைய சங்கதி. 1992இல் புவனேஸ்வரத்தில், உத்கல் பல்கலைக்கழகத்தின் பிரியம்பதா மொஹந்தி ஹெஜ்மாடியும் (பேர்பெற்ற ஒடிசி நடனக் கலைஞரும்கூட இவர்) அவருடைய குழுவினரும் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்ததை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வாலை வெட்டியபின் தலைப்பிரட்டைகளை வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டிருந்தார்கள். வெட்டிய இடத்தில் வாலுக்குப் பதில் கால் முளைத்தது. சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கால்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு வைட்டமினில் கால் செய்யத் தேவையான சரக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. எலும்பும் தசையும் விரலும் செய்யும் குறிப்பு அந்த வால் செல்களின் டி.என்.ஏ.வுக்குள் முன்பே இருந்தது. உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் முழுக் குறிப்பும் இருக்கத்தான் செய்கிறது. அதில் எந்தப் பக்கத்தைப் புரட்டிப் படிப்பது என்பதில்தான் வால் செல்லுக்கும் கால் செல்லுக்கும் வேறுபாடு. வைட்டமின் ஏ அந்தப் பக்கத்தை மாற்றிவிட்டது. எப்படி மாற்றியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வைட்டமின் ஏ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கண். மாலைக்கண் நோய், கேரட், முருங்கைக்கீரை, அங்கன்வாடியில் வாயில் ஊற்றும் சொட்டு மருந்து. அது சரிதான், ஆனால் பாதிக் கதை. 1990இல் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் 15,419 சிறு குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. ஓராண்டு காலம் வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது. பிற்கால ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் பலன் மிகச் சிறியதாகவே இருந்தது. அது தனி விவாதம். கண்ணுக்கு மட்டும் வேலை செய்யும் ஒரு பொருளை வைத்து உயிர் பிழைப்பதைப் பற்றி யாரும் இவ்வளவு சண்டை போட மாட்டார்கள் என்பதை மட்டும் இப்போதைக்குக் கவனியுங்கள்.

வைட்டமின் ஏ என்பது ஒரே பொருளின் பெயரும் அல்ல. அது ஒரு சிறு குடும்பம். ஈரலில் சேமித்து வைக்கப்பட்டு, இரத்தத்தில் பயணம் செய்வது ரெட்டினால். அது சற்று மாறினால் ரெட்டினல். கண்ணில் ஒளியைப் பிடிப்பது இதுதான். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம், வேதியியலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்: இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ரெட்டினால் ரெட்டினல் ஆகும், ரெட்டினல் திரும்ப ரெட்டினால் ஆகும். போக்குவரத்து இரு பக்கமும் உண்டு. ஆனால் ரெட்டினல் இன்னும் ஒரு படி போய் ரெட்டினாயிக் அமிலம் ஆகிவிட்டால் திரும்பி வர வழியில்லை. நம் கதாநாயகன் இந்த மூன்றாவது ஆள்தான்.

அது ஒருவழிப் பாதை என்பதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1960இல் ஜான் டௌலிங்கும் ஜார்ஜ் வால்டும் எலிகளுக்கு வைட்டமின் ஏ தராமல் ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, நன்றாக நடமாடின. ஆனால் பார்வை போயிற்று. ரெட்டினாயிக் அமிலத்திலிருந்து ரெட்டினல் செய்ய உடலால் முடியாது, கண்ணுக்கு வேண்டியது கிடைக்கவில்லை. உடம்பின் மற்ற வேலைகளுக்கோ அந்த அமிலமே போதுமாக இருந்தது. வைட்டமின் ஏவுக்கு இரண்டு தனித்தனி உத்தியோகம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டாவது உத்தியோகம் என்ன என்று தெரிய இன்னும் 27 ஆண்டுகள் ஆயின.

1987 டிசம்பரில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக விடையைக் கண்டுபிடித்து ஒரே சமயத்தில் வெளியிட்டன. ஒன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் பியேர் ஷாம்போனின் குழு, மற்றது அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவான்ஸின் குழு. செல்லின் உட்கருவுக்குள், டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஒரு புரதம். அதன் நடுவில் ரெட்டினாயிக் அமிலம் வந்து உட்கார ஒரு குழி. இதற்கு ரெட்டினாயிக் அமில ஏற்பி என்று பெயர், சுருக்கமாக ஆர்.ஏ.ஆர். ஸ்டீராய்டு ஹார்மோன்கள், தைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் ஏற்பிகளுக்கு இது நெருங்கிய சொந்தம். ஆக, சாப்பாட்டில் வரும் ஒரு சத்து, உள்ளே போனதும் ஹார்மோன் போல நடந்துகொள்கிறது.

இனி இந்த ஏற்பி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பழைய வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரபணு ஒரு பத்தாயம். ஏற்பி அதன் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாள். ரெட்டினாயிக் அமிலம் அவர் கைக்கு வரும் சீட்டு. சீட்டு வந்த பிறகுதான் காவலாள் வேலைக்கு வருவார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சீட்டு வராத நாளிலும் அவர் அங்கேதான் இருக்கிறார், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு. சீட்டு வந்ததும் அதே ஆள் எழுந்து கதவைத் திறக்கிறார். ஒரே புரதம், சீட்டு இல்லாதபோது பூட்டு, இருக்கும்போது சாவி. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

கதவைச் சாத்துவது என்றால் உண்மையில் என்ன? ஒரு மனிதச் செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மேல் நூல்கண்டு போலச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் இருக்கும் மரபணுவைப் படிக்க முடியாது. ஹிஸ்டோன்களின் மேல் அசெட்டைல் என்ற சிறு வேதிக் குழுவை ஒட்டினால் சுற்று தளரும். அதைப் பிடுங்கினால் இறுகும். சீட்டு இல்லாத நேரத்தில் நம் காவலாள், அசெட்டைலைப் பிடுங்கும் ஆட்களைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். ரெட்டினாயிக் அமிலம் வந்து குழிக்குள் உட்கார்ந்ததும், ஏற்பியின் கடைசித் துண்டு எலிப்பொறி மூடுவது போலத் திரும்பி அதன் மேல் படிகிறது. இந்த அசைவில் ஏற்பியின் வெளி வடிவம் மாறிவிடுகிறது. பிடுங்கும் ஆட்கள் பிடிமானம் இழந்து விலகுகிறார்கள், ஒட்டும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். சுற்று தளர்கிறது, மரபணுவைப் படித்து நகல் எடுக்கும் நொதி வந்து வேலையைத் தொடங்குகிறது. எலிப்பொறி என்ற உவமை நான் கண்டுபிடித்தது அல்ல, இந்த அசைவைக் கண்டறிந்தவர்களே சொன்னதுதான்.

அது சரி, பல்லாயிரம் மரபணுக்களில் எதன் வாசலில் உட்கார வேண்டும் என்று காவலாளுக்கு எப்படித் தெரியும்? டி.என்.ஏ.வில் எழுதியிருக்கிறது. ஏ, ஜி, சி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆன அந்த நீண்ட வரியில், 'ஏஜிஜிடிசிஏ' அல்லது அதற்கு மிக நெருக்கமான ஒரு சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வரும். ஆர்.ஏ.ஆர். தனியாக உட்காருவதில்லை, ஆர்.எக்ஸ்.ஆர். என்ற கூட்டாளியோடுதான் உட்காரும். ஒரு சொல்லை இவர் பிடிப்பார், மற்றதை அவர்.

இதில் ஒரு வேடிக்கை. இதே ஆர்.எக்ஸ்.ஆர்., வைட்டமின் டி ஏற்பிக்கும் கூட்டாளி, தைராய்டு ஹார்மோன் ஏற்பிக்கும் கூட்டாளி. அவர்கள் தேடும் சொல்லும் அதே ஆறெழுத்துச் சொல்தான். பிறகு குழப்பம் வராதா? வராது, காரணம் இடைவெளி. இரண்டு சொற்களுக்கும் நடுவில் 3 எழுத்து இருந்தால் அது வைட்டமின் டி ஏற்பிக்கு உரிய இடம். 4 இருந்தால் தைராய்டுக்கு. 5 இருந்தால் ரெட்டினாயிக் அமில ஏற்பிக்கு. (விதிவிலக்குகள் உண்டு, ஆர்.ஏ.ஆர். 2 எழுத்து இடைவெளியிலும் உட்காரும்.) 'அந்தமான்' என்று சேர்த்து எழுதினால் தீவு, 'அந்த மான்' என்று பிரித்தால் விலங்கு. எழுத்துகள் அதேதான். தமிழ் படித்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

இப்படி ரெட்டினாயிக் அமிலம் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது. அதற்காக எல்லாச் செல்லிலும் எல்லாக் கதவும் திறந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தோல் செல்லில் சில பத்தாயங்கள் ஏற்கெனவே சுவர் வைத்து அடைக்கப்பட்டிருக்கும்; குடல் செல்லில் வேறு சில. எந்தச் சீட்டு வந்தாலும் அவை திறக்கா. அதனால்தான் ஒரே அமிலம் ஓரிடத்தில் தோலைப் புதுப்பிக்கிறது, இன்னோர் இடத்தில் வெள்ளணுக்களைக் குடல் பக்கம் அனுப்புகிறது, கருவில் முதுகெலும்பை வரிசைப்படுத்துகிறது.

அந்தக் கருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விஷயத்தின் சுவை அங்கேதான் இருக்கிறது.

வளரும் கருவில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: நான் எங்கே இருக்கிறேன்? தலைப்பக்கமா, வால் பக்கமா? அதற்குக் கண் இல்லை, வரைபடம் இல்லை. சுற்றியுள்ள வேதிப்பொருள்களின் அளவை வைத்துத்தான் கணிக்க வேண்டும். ரெட்டினாயிக் அமிலம் அத்தகைய ஒரு குறி. கருவின் நடு உடல் பகுதியில் அதைத் தயாரிக்கும் நொதி இருக்கிறது. தலையின் முன்பக்கத்திலும் வால் நுனியிலும் அதை அழிக்கும் நொதிகள் இருக்கின்றன. நடுவில் ஊற்று, இரு முனையிலும் வடிகால். ஆகவே உடல் நெடுக அமிலத்தின் அளவு ஏறி இறங்குகிறது. தன் இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துச் செல் தன் முகவரியை அறிகிறது. இன்னொரு நுட்பம்: அழிக்கும் நொதி ஒன்றின் மரபணு வாசலிலும் நம் காவலாள் உட்கார்ந்திருக்கிறார். அமிலம் கூடினால் அந்தக் கதவும் திறக்கும், நொதி பெருகும், அமிலம் குறையும். தன்னை ஒழிக்கும் ஆளைத் தானே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் மூலக்கூறு இது.

முகவரியை எழுதி வைக்கும் ஏடு ஹாக்ஸ் மரபணுக்கள். மனிதருக்கு 39 இருக்கின்றன, நான்கு கொத்துகளாக. அவை குரோமோசோமில் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, கிட்டத்தட்ட அதே வரிசையில் உடலின் தலையிலிருந்து வால் வரை இயங்குகின்றன. ஆய்வகத் தட்டில் வளரும், இன்னும் எதுவாகவும் மாறாத மனிதச் செல்களுக்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தால் இந்த மரபணுக்கள் ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக விழிக்கின்றன. பந்தியில் இலை போடுவது போல.

இப்போது அந்தத் தலைப்பிரட்டைகளிடம் திரும்பலாம். வால் நுனி என்பது இயல்பாக ரெட்டினாயிக் அமிலம் தங்காத பிரதேசம். வெட்டுப்பட்டு மறுபடி வளரத் தொடங்கிய செல்களைச் சுற்றி வைட்டமின் ஏ நிறைந்திருந்தால், உள்ளே அமிலமும் நிறைகிறது. செல்களுக்கு முகவரி தப்பாகப் போய்ச் சேர்கிறது: 'நீ வால் இல்லை, இடுப்பு.' இடுப்பில் என்ன முளைக்கும்? பின்னங்கால்.

இதற்குப் பத்தாண்டு முன்பு லண்டனில் செரில் டிக்கிள் குழுவினர் கோழிக் கருவில் செய்ததும் இதே ரகம். இறக்கை மொட்டின் முன்விளிம்பில் ரெட்டினாயிக் அமிலத்தில் ஊறிய ஒரு துளியளவு பொருளை வைத்தார்கள். வழக்கமாக 2, 3, 4 என்று மூன்று விரல் வர வேண்டிய இறக்கையில் 4, 3, 2, 2, 3, 4 என்று கண்ணாடியில் பார்த்தது போல ஆறு விரல் வந்தது. விரல்களை வரிசைப்படுத்தும் மர்மப் பொருள் இந்த அமிலமேதான் என்று கொஞ்ச காலம் எல்லாரும் நம்பினார்கள். 1993இல் தெரிந்தது, அந்த வேலையைச் செய்வது 'சானிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதம் என்று. (ஆமாம், வீடியோ கேம் பாத்திரத்தின் பெயர்தான்.) வெளியிலிருந்து வைத்த அமிலம் அந்தப் புரதத்தின் மரபணுவைத் தப்பான இடத்தில் எழுப்பிவிட்டிருந்தது.

சீட்டின் அளவை வைத்து முகவரி அறிகிறார்கள் என்றால், குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும் என்பது தானே விளங்கும். குறைந்தால் என்ன ஆகும் என்பதை 1933இல் டெக்சாஸில் ஃபிரெட் ஹேல் பதிவு செய்தார். வைட்டமின் ஏ இல்லாத தீவனம் தின்ற தாய்ப்பன்றி 11 குட்டி போட்டது. பதினொன்றுக்கும் கண்விழிகளே இல்லை. பிறவிக் குறை என்றாலே பரம்பரைக் கோளாறு என்று நம்பிய காலம் அது. தீவனத்தைச் சரிசெய்ததும் குட்டிகள் சரியாகப் பிறந்தன.

கூடினால் என்ன ஆகும் என்பது நம் பக்கத்துத் தெரு மருந்துக்கடை வரை வரும் விஷயம். கடுமையான முகப்பருவுக்குத் தோல் மருத்துவர்கள் எழுதித் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, ரெட்டினாயிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்தான். 1982இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகள் காது மடல் இல்லாமலும், இதயத்திலும் மூளையிலும் கோளாறுகளோடும் பிறப்பது தெரிந்தது. முகவரி குழம்பிய செல்கள்தான் காரணம். கருவின் முதல் சில வாரங்களில் இது நடந்துவிடுகிறது, கர்ப்பம் என்று பெண்ணுக்கே தெரியாத நாட்களில். அதனால் இந்த மாத்திரை எடுக்கும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கக் கூடாது. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் அசிட்ரெட்டினுக்கு இந்தக் காத்திருப்பு மூன்று ஆண்டு. கருத்தரிப்பைப் பற்றிக் கேட்டால் நோயாளிகள் எரிச்சல்படுகிறார்கள் என்பதற்காக மருத்துவர் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர் விட்டாலும் நீங்கள் கேளுங்கள். முகத்தில் பூசும் ட்ரெட்டினாயின் கிரீம் (இது ரெட்டினாயிக் அமிலமேதான்) இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது என்றாலும், கர்ப்பிணிகளுக்கு அதையும் தவிர்க்கவே சொல்கிறார்கள். முகம் வெளுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் சில கிரீம்களில் இதுவும் ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பதும் தெரிந்திருக்கட்டும்.

காவலாளே கெட்டுப்போனால்? அதற்கும் ஒரு நோய் இருக்கிறது. ஏ.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்லும் ஒருவகை இரத்தப் புற்றுநோய். இதில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 17இல் இருக்கும் ஆர்.ஏ.ஆர். மரபணு, 15இல் இருக்கும் பி.எம்.எல். என்ற மரபணுவோடு இணைந்துவிடுகிறது. பிறப்பது ஓர் ஒட்டுப் புரதம்: கதவைச் சாத்தத் தெரியும், வழக்கமான சீட்டுக்குத் திறக்கத் தெரியாது. இரத்த வெள்ளணு முதிர்வதற்கான மரபணுக்கள் பூட்டியே கிடப்பதால், செல்கள் அரைகுறைப் பருவத்தில் நின்று பெருகுகின்றன. இரத்தப்போக்கு ஏற்பட்டு சில நாட்களிலேயே உயிர் போகும் அளவுக்குக் கொடிய நோய் இது.

ஷாங்காயில் வாங் சென்யி தலைமையில் மருத்துவர்கள் இந்த நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலத்தையே மருந்தாகக் கொடுத்தார்கள். 1988இல் 24 நோயாளிகளின் விவரம் வெளியானது. 24 பேருக்கும் இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நோயின் அடையாளம் மறைந்திருந்தது. புற்றுச் செல்களை விஷம் வைத்துக் கொல்லாமல், வளர்த்து ஆளாக்கி, வயது முடிந்து இயல்பாகச் சாக விட்டார்கள். உடம்பில் வழக்கமாக உள்ள அளவுக்கு அசையாத அந்த ஒட்டுக் காவலாள், கட்டுக்கட்டாகச் சீட்டு வந்து குவிந்ததும் எழுந்துவிட்டார். ஒட்டுப் புரதம் ஒன்று இருப்பதே அதன்பிறகுதான், 1990இலும் 91இலும், கண்டறியப்பட்டது. மருந்து முதலில் வந்தது, காரணம் பின்னால் வந்தது.

ரெட்டினாயிக் அமிலம் மட்டும் என்றால் நோய் பெரும்பாலும் திரும்ப வந்தது. அதற்கும் சீனாவிலிருந்தே துணை கிடைத்தது: ஆர்செனிக் ட்ரையாக்சைடு, அதாவது நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்கிறோமே, அது. ஒட்டுப் புரதத்தின் ஆர்.ஏ.ஆர். பாதியை அமிலம் பிடிக்க, பி.எம்.எல். பாதியை ஆர்செனிக் பிடிக்க, புரதமே சிதைந்துபோகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்து 72 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. இப்போது இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பலருக்கு வழக்கமான கீமோதெரபியே தேவைப்படுவதில்லை.

இவ்வளவு படித்த பிறகு ஒரு சந்தேகம் வரும். வாரம் நாலு நாள் முருங்கைக்கீரை, காலையில் பப்பாளி, மாலையில் கேரட் ஜூஸ் என்று இருப்பவருக்கு அமிலம் ஏறிவிடாதா? ஏறாது. செடிகளில் வைட்டமின் ஏ இல்லை, பீட்டா கரோட்டின் என்ற மூலப்பொருள்தான் இருக்கிறது. அதைக் குடலில் ஒரு நொதி சரிபாதியாக வெட்டினால்தான் இரண்டு ரெட்டினல் கிடைக்கும். உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால் குடல் செல்லில் ரெட்டினாயிக் அமிலமும் இருக்கும், அது ஐ.எஸ்.எக்ஸ். என்ற மரபணுவின் கதவைத் திறக்கும். அந்த மரபணு செய்யும் புரதம் போய், கரோட்டினை உள்ளே இழுக்கும் மரபணுவையும் வெட்டும் நொதியின் மரபணுவையும் சாத்திவிடும். வாசலிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. ஈரலுக்கும் வைட்டமின் ஏ மாத்திரைக்கும் இந்தத் தடை கிடையாது. அவற்றில் இருப்பது முன்பே தயாரான ரெட்டினால். அதனால்தான் பிரிட்டனில் கர்ப்பிணிகளை ஈரல் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். கேரட் ஜூஸ்காரருக்கு அதிகபட்சம் உள்ளங்கை மஞ்சளாகும். வெட்டப்படாத கரோட்டின் தோலில் தங்குவதால் வரும் நிறம் அது. காமாலை என்று பயந்து ஓடுவதற்கு முன் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். காமாலை என்றால் அதுவும் மஞ்சளாகும், கரோட்டின் என்றால் வெள்ளையாகவே இருக்கும். ஜூஸை நிறுத்திச் சில வாரங்களில் கை பழைய நிறத்துக்கு வந்துவிடும்.